மாலை போட்டவர் எழுதிய ஒயின் பரீட்சை

துரைராஜுக்கு மூக்கு நல்ல மூக்கு. பேகம்பேட்டில் ஒரு ஹோட்டலில் கேப்டன் வேலை. ஐடி கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டு விருந்தாளிகளோடு வந்து ஒயின் கேட்க ஆரம்பித்த பிறகு, விவரம் தெரிந்து ஊற்ற ஆள் வேண்டுமென்று முதலாளி அவரைப் பரீட்சைக்கு அனுப்பினார். லேபிளைப் பார்க்காமல் ஆறு கிளாஸைச் சுவைத்துத் துப்பிவிட்டு, எந்தத் திராட்சை, எந்த நாடு என்று எழுத வேண்டும். இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தோற்றால் அவர் இடத்துக்கு வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சாமியிடம் பேரம் பேசுவதில் நம்மாட்களை மிஞ்ச முடியுமா? அவர் பாஸாக வேண்டும், மாலை போட்டு மலைக்கு வருவார் என்று மனைவி புஷ்பா ஐயப்பனுக்கு நேர்ந்துகொண்டாள். பரீட்சை பிப்ரவரியில்தானே, அதற்குள் மலைக்குப் போய் வந்துவிடலாம் என்று அவரும் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டார். ஹோட்டலில் பெரிய மனசு பண்ணி காலை டிபன் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. லண்டன் எக்ஸாமினருக்கு பிப்ரவரி தோதுப்படாதாம். டிசம்பர் பத்தாம் தேதியே பரீட்சை. நாற்பத்தோரு நாள் விரதத்தில் அன்றைக்குப் பாதிதான் தாண்டியிருக்கும்; அதுவரை மது வாயில் படக் கூடாது. மாலையைக் கழற்றலாமென்றால், போட்டதே இந்தப் பரீட்சைக்காகத்தான். துப்பிவிட்டால் குடித்த கணக்காகுமா என்று, மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமியிடம் கேட்டார். குருசாமி முறைத்த முறைப்பே பதிலாயிற்று.

பரீட்சைக்குத் தயாராகிறவர்களை டாக்குமென்டரி எடுத்துக்கொண்டிருந்த சாருலதாவுக்கு மட்டும் கொண்டாட்டம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேமராவை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பரீட்சையன்று ஆறு கிளாஸையும் முகர்ந்தார், முகர்ந்தார், முகர்ந்துகொண்டே இருந்தார். வாசனைக்கான கட்டமெல்லாம் நிரம்பிற்று. புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு என்று கேட்ட கட்டங்களை மூக்கு எப்படி நிரப்பும்? ஐந்தாவது கிளாஸை உதடு வரைக்கும் கொண்டுபோனார். கீழே வைத்துவிட்டார். பாதித் தாள் வெள்ளையாகவே போயிற்று.

போலாரத்தில் வீட்டு வாசலில் புஷ்பா காத்துக்கொண்டு நின்றாள். மாலை போட்டவரைப் பெண்டாட்டியும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நல்லா எழுதுனீங்களா சாமி?"

நீ நேர்ந்துகொண்டதுதானடி என்னைக் கவிழ்த்தது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சும்மா தலையை ஆட்டினார்.

"நான் சொல்லல? எல்லாம் மாலை போட்ட மகிமை" என்று புஷ்பா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.