திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்ன தீர்ப்பு

வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டும் ஒரே செய்தியாகத்தான் வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி ஞானசிகாமணி ராஜபாளையத்தில் தம் வீட்டில் உறக்கத்திலேயே காலமானார்; ஒரு காலத்தில் நம்மோடு வக்கீலாக இருந்தவர் என்பதால் இன்று நாம் நீதிமன்றப் பணியிலிருந்து விலகியிருப்போம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அன்றைக்கு என் கட்சிக்காரி பேச்சியம்மாளின் வழக்கு வாதத்துக்கு வந்திருந்தது. முன்பு அதே வழக்கின் தீர்ப்பைத் தடுத்ததும் ஒரு சாவுதான். அன்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தவர் இந்த ஞானசிகாமணி ஐயாதான். அவரை அறிந்தவர்கள் நீங்கள். முழுதும் படித்துவிட்டு என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

ஐயா பல ஊர்களில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்று, ராஜபாளையத்தில் வீட்டு மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். வழக்குகள் குவிந்து கிடக்கின்றன என்று ஓய்வுபெற்றவர்களை மறுபடி கூப்பிட்டார்கள், அறுப்புக்கு ஆள் கூப்பிடுவதைப் போல. ஸ்ரீவில்லிபுத்தூரில் தற்காலிக நீதிமன்றம் என்று அவருக்கு மாடியில் ஓர் அறை. அதற்கு முன் பழைய வழக்குக் கட்டுகள் கிடந்த இடம். எவ்வளவு கூட்டினாலும் தும்மல் நிற்காது. மற்ற நீதிபதிகளுக்குப் பெயர்ப்பலகை இருந்தது. இவருக்குக் கதவில் ஒட்டிய காகிதம். நான் போய்ச் சண்டை போடட்டுமா என்று கேட்டேன். "விடுங்கம்மா. பசை போட்டு ஒட்டுன பேப்பர்தான, கிழிக்க லேசா இருக்கும்" என்றார். அதை வேடிக்கைப் பேச்சு என்றே அப்போது எடுத்துக்கொண்டேன்.

கார் வரும் என்றார்கள், வரவில்லை. சோற்றுப் பையோடு டவுன் பஸ்ஸில் வந்து போவார். ஒருநாள் நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். சேத்தூர்க்காரர் ஒருவர், ஐயாவிடமே வழக்கு உள்ளவர், பதறி எழுந்து இடம் கொடுத்தார். "உக்காருங்கய்யா, நீங்க நிக்கலாமா?" ஐயா கம்பியை விடவில்லை. "இன்னைக்கு ஒன் சீட்டுல உக்காந்துட்டா, நாளைக்கு ஒன் எதிராளி மூஞ்சிய நான் எப்படிப்பா பாக்க?" அவரும் உட்காரவில்லை, ஐயாவுக்கு முன்னால் உட்காரப் பயந்து சேத்தூர்க்காரரும் உட்காரவில்லை. கடைசியில் கீரைக் கூடைக்காரி ஒருத்தி, "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா எனக்கு வேணும்ல" என்று உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸே சிரித்தது, ஐயாவும் சிரித்தார்.

தீர்ப்பு சொல்வதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர மாட்டார். இரு தரப்பாரையும் எதிரே நிற்கவைத்து, எல்லார் முன்னாலும் ஸ்டெனோவுக்கு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அதுதான் தீர்ப்பு. முடிந்ததும் அதையே தமிழில் ஒருமுறை, பாமரருக்கு விளங்கும்படி சொல்லுவார். "எழுதிக் கட்டிட்டு வந்தா அது ஆறின சோறும்மா. எதுக்க நிக்கிறவிய மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்" என்பார். தளவாய்புரத்துக்காரர் ஒருவர் வழக்கில் தோற்று வெளியே வந்து, "தோத்ததுகூடப் பெருசில்ல, ஏன் தோத்தேன்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் வெளங்கச் சொன்னாரு" என்று எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்தார். இந்தப் பழக்கத்தை நாம் எல்லோரும் மெச்சினோம். அதுவே பேச்சியம்மாளுக்கு வினையாக முடிந்தது.

அவள் சுந்தரபாண்டியத்துக்காரி, ராஜபாளையத்தில் மில் வேலை. புருஷன் இறந்தபிறகு பிறந்த வீட்டில் தலைசாய்க்க ஓர் அறை கேட்டாள். "சீர் செஞ்சு அனுப்பியாச்சு, பொறவென்ன பங்கு?" என்று தம்பி கதவைப் பூட்டிவிட்டான். கீழ்க்கோர்ட்டில் அவள் ஜெயித்தாள். தம்பி அப்பீல் போனான். அந்த அப்பீல் நீதிபதி மாறி நீதிபதி மாறி, கடைசியில் ஐயாவிடம் வந்தது. அவர் ஒருவர்தான் முழு வாதத்தையும் உட்கார்ந்து கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்றார். அவருடைய பதவித் தவணையும் அன்றோடு முடிந்தது. யாரும் கவலைப்படவில்லை, அவரும்கூட. நீட்டிப்பு உத்தரவு எப்போதும் கடைசி நேரத்தில்தான் வரும், ஆனால் வந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மூத்த வக்கீல் ஒருவர் இறந்துபோனார். வழக்கப்படி வக்கீல்கள் யாரும் உள்ளே போகவில்லை. கட்டுப்பாட்டுக்கு நானும் உட்பட்டவள்தானே, வராந்தாவில் நின்றேன். வக்கீல் இல்லாமலும் தீர்ப்புச் சொல்லலாம், சட்டம் தடுக்கவில்லை. பேச்சியம்மாள் குளித்து, நல்ல சேலை கட்டி, உள்ளே போய்க் கைகூப்பி நின்றாள். ஐயா அவளைப் பார்த்தார், வெளியே எங்களைப் பார்த்தார். இறந்தவர் அவருடைய பழைய சிநேகிதர். "போனவருக்கு மரியாதை செய்யணும்மா. திங்கக்கெழம வாங்க, சொல்லிருதேன்" என்றார். அவளும் சரி என்று தலையாட்டினாள். பெரிய மனிதரின் சாவு, அதில் போய் வாயாடலாமா?

திங்கட்கிழமை கதவில் காகிதம் இல்லை. நீட்டிப்பு கிடையாது, அந்த நீதிமன்றமே கிடையாது என்று உத்தரவு வந்திருந்தது. வர வேண்டியவரிடம் அதை யாரும் போன் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அவர் எப்போதும் போல சோற்றுப் பையோடு படியேறி வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் நின்றார். பேச்சியம்மாள் அங்கே இருந்தாள்.

"ஐயா, மனசுல வச்சிருந்ததை மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்."

"இப்பச் சொன்னா அது வெறும் பேச்சும்மா. பேச்சுக்கு ஒங்க தம்பி கதவத் தொறக்க மாட்டான்."

"பாதகமில்லய்யா, நான் கேட்டுக்கிடுதேனே."

அவர் சொல்லவில்லை, இறங்கிப் போய்விட்டார். அந்த நேர்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தவர் தீர்ப்பைப் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும்.

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், அடுத்து வந்த நீதிபதி எடுத்து வாசித்திருக்கலாம். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. எழுதவில்லையே, ஆகவே எல்லாம் முதலிலிருந்து. பிறகு ஒருமுறை ராஜபாளையம் போனபோது இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். ஐயா மாமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆறின சோறுன்னாலும் அந்தம்மா பசிக்கு ஆயிருக்கும்லா" என்றார். அதற்குப் பிறகு அடிக்கடி போன் போடுவார். நலம்கூட விசாரிக்க மாட்டார். "அந்தம்மாவுக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்பார். "வாய்தாய்யா" என்பேன். போனை வைத்துவிடுவார்.

அவர் இறந்த அன்று நாம் வேன் பிடித்துப் புறப்பட்டபோது, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு பேச்சியம்மாள் கோர்ட்டு வாசலில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஐயா செத்ததுக்கும் வாய்தாவா, வக்கீலம்மா?"

வேறு என்ன செய்ய, அவளையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். துக்க வீட்டில் ஜெபம் முடிந்து நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஏழைகளுக்கு நீதி தாமதமாகக் கூடாது என்று பாடுபட்டவர் என்றார்கள். பொய் இல்லை. அதைச் சொல்வதற்காகக் கோர்ட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. பேச்சியம்மாள் பெட்டியருகே போய் மாலையைக் கொஞ்சம் விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசிவரை சொல்லாமலே கொண்டுட்டுப் போறியளேய்யா" என்று அழுதாள். நானும் அப்போதுதான் அழுதேன்.

அவர் பெயரைச் சொன்னால் எனக்குப் பூட்டின கதவும் சோற்றுப் பையும்தான் நினைவுக்கு வருகின்றன. பஸ்ஸில் உட்காராமல் நின்ற அந்தக் கால்களையும் மறக்க மாட்டேன், அவை உண்மையான நீதிபதியின் கால்கள். ஆனால் நான் வைத்துக்கொள்ளப்போவது அவர் மாமரத்தைப் பார்த்தபடி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான். எனக்கு இனி ஆறின சோறு போதும். நான் செத்தால் எனக்காக ஒருவரும் கோர்ட்டை விட்டு வெளியே வர வேண்டாம். உள்ளே போய் வழக்கை நடத்துங்கள், அதுவே மாலை.

பேச்சியம்மாளின் அப்பீலுக்குப் பங்குனியில் வாய்தா போட்டிருக்கிறார்கள். உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு மட்டும் யாரும் செத்துப்போய்விடாதீர்கள்.