சொறிச்சல் இல்லாதவளும் வேண்டும்

மக்களே, எல்லாரும் சுகந்தானே? குளத்தூரிலிருந்து வந்தவர்கள் காப்பி குடித்தீர்களா? ரோசம்மாள் அக்காவை அறிந்தவர்கள்தான் நீங்கள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். போய்விட்டாள் என்று செய்தி வந்தபோது நான் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, இதிலும் எனக்கு முன்னால் போய்விட்டாளே என்ற எரிச்சல்.

எங்கள் தமிழ்ப் பகுதியை மலையாள நாட்டிலிருந்து பிரிக்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் ஒரே வீட்டில் நாங்கள் இருவரும் கர்ப்பமாக இருந்தோம். அக்காவுக்கு அதற்கு முன் இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே இறந்திருந்தன. இரண்டு தடவையும் மாதம் ஏறியதும் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஓயாமல் அரித்தன, நம்ம பேச்சில் சொறிச்சல். மூன்றாவதிலும் அது தொடங்கியது. ஈரலில் பித்தம் தேங்கி ரத்தத்தில் கலக்கிறது, அதைப் பற்றி ஆராய்கிறேன், வாரந்தோறும் ரத்தமும் மூத்திரமும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பத் தருவாயா என்று ஆஸ்பத்திரியின் மலையாளி டாக்டரம்மா கேட்டார். உன் பிள்ளை பிழைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

அக்காவின் கணவர் போராட்ட ஊர்வலங்களுக்குப் போகிறவர். "நம்ம ரத்தத்த எடுத்துத் திருவனந்தபுரத்துக்கா அனுப்பணும்?" என்று குதித்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஒதவாட்டா வேற எவளுக்க பிள்ளைக்காவது ஒதவட்டு. சொறியுதது எனக்காக்கும், ஒங்களுக்கில்ல" என்றாள் அக்கா.

அதன்பிறகு இளநீர், மாமியாரின் கரிசனம், டாக்டரம்மா தோளில் வைக்கும் கை, எல்லாம் அவளுக்குத்தான். எனக்கும் வயிறு இருந்தது, யார் கண்டார்கள்? எங்கள் வேலியில் சொறியணம் நின்றது, பட்டால் தடித்து எரிகிற செடி. (அந்த வேலிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பெரிய கதை உண்டு, அது கிடக்கட்டும்.) ஒரு காலையில் அதைப் பறித்துக் கையிலும் காலிலும் தேய்த்துக்கொண்டு அக்காவோடு போனேன்.

டாக்டரம்மா பார்த்ததுமே சிரித்துவிட்டார். "இது தடிச்சிட்டுண்டல்லோ. ரோசம்மைக்குத் தொலியில் ஒண்ணும் இல்ல, உள்ளிலாணு சொறிச்சல். நீ எந்து செடியாணு தேச்சது?"

அக்கா முந்திக்கொண்டு, "வேலி கெட்டுனப்ப பட்டதாக்கும், டாக்டரே" என்றாள். பிறகு டாக்டரம்மா, ஒப்பிட்டுப் பார்க்கச் சொறிச்சல் இல்லாத கர்ப்பிணி ஒருத்தியும் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

வழியில் அக்கா சொன்னாள்: "எட்டி, எனக்க சொறிச்சலுமா ஒனக்கு வேணும்? முழுசா எடுத்துக்க."

போராட்டத்தால் பஸ் ஓடாத ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். உதியன்குளங்கரையில் போலீஸ்காரர் ஒருவர் மறித்து, அக்காவின் கையிலிருந்த குப்பியைக் காட்டி, "எந்தாடீ குப்பியில்?" என்றார்.

"மூத்ரமாணு சாரே. மணத்து நோக்கணோ?"

மூத்திரம், மோந்து பார்க்கிறீர்களா என்று அவள் கேட்டதும் அவர் ஒதுங்கி வழிவிட்டார். என் கையிலும் ஒரு குப்பி இருந்தது. அதில் என்ன என்று அவர் கேட்கவேயில்லை.

நாளாக நாளாக அக்காவின் ரத்தத்தில் பித்தம் கூடியது. டாக்டரம்மா மாதம் நிறையக் காத்திருக்காமல் முன்கூட்டியே பிரசவம் பார்த்தார். அக்கா மயங்கிக் கிடந்தாள். அழுத பிள்ளையைத் துணியில் சுற்றி, என் பெருத்த வயிற்றின் மேல் வைத்தார்கள். பெண். என் விரலைப் பிடித்துக்கொண்டது. அக்கா கண் திறக்கும்வரை அது எனக்கு மட்டும். அவளிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"சித்தி! எங்க போய் இருக்கிய? ஒங்களுக்காக்கும் எல்லாரும் சோத்துக்குக் காத்திருக்காவ!"

கேட்டீர்களா, அந்தப் பிள்ளைதான் கூப்பிடுகிறாள். வாறேன் மக்கா. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் அக்காவுக்குக்கூடத் திருப்பித் தரமாட்டேன்.