கடல்கல்லில் கட்டிய ரொட்டி அடுப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு ரொட்டிக் கடையில் பதினெட்டு வருஷம் அடுப்படி வேலை பார்த்தேன். போன வருஷம் அதை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஓர் அடுப்பு கட்ட நினைத்தேன். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் வாரத்தில் பெண்கள் கேக் மாவை வீட்டிலேயே கலக்கி, தகரத் தட்டில் ஊற்றி, ரொட்டிக் கடையில் கொடுத்து வேகவைத்து வாங்குவார்கள். இந்தத் தடவை நம் அடுப்பிலேயே வேகவைக்கலாம் என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இருபத்தாறு வீடு. நெய்யும் முந்திரியும் சில வீடுகளில் இரண்டு மாதமாக மிச்சம் பிடித்துச் சேர்த்தவை. மாவு கெட்டால் மறுபடி கலக்க அவர்களால் முடியாது.

அடுப்பு கட்ட வந்தவர் என் மனைவியின் அண்ணன். நல்ல கொத்தனார், ஆனால் வீடு கட்டுவாரே தவிர அடுப்பு கட்டியதில்லை. அடியில் உப்பும் உடைந்த கண்ணாடியும் பரப்பி மேலே மணல் போட்டால்தான் சூடு கீழே இறங்காமல் நிற்கும் என்றேன். கேட்டுக்கொண்டார். தீ படும் இடத்துக்கு என்ன கல் என்று வந்தபோதுதான் கெட்டது. கப்பல் கொதிகலனிலிருந்து கழற்றிய ஃபயர் பிரிக்ஸ், தீ தாங்கும் செங்கல், துறைமுகத்துப் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அவரோ, எங்கள் பழைய சுவரை இடித்துக் குவித்திருந்த கடல்கல்லைக் காட்டினார். தீவுப் பக்கம் கடலுக்குள் வெட்டி எடுத்த பவளக்கல் அது. இந்தக் கரையில் எத்தனையோ வீடு அதில் கட்டியதுதான்.

"மச்சான், இது தீக்குத் தாங்குமா?" என்றேன்.

"நூறு வருசமா நின்ன கல்லு, மாப்ளே. கடலே கரைக்காதத உம்ம தீ கரைச்சிருமாக்கும்?"

"அதுக்கில்ல..."

"ரொட்டி சுடுதது உம்ம வேல. கல்லு அடுக்குதது நம்ம வேல."

என் மனைவி சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சுண்ணாம்புக் காளவாசலில் சிப்பி சுமந்திருக்கிறேன். சிப்பியானாலும் கடல்கல்லானாலும் தீயில் வெந்தால் சுண்ணாம்புதான். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? அதைச் சொல்லாமல் ஏழு நாள் அவருக்கு மண் குழைத்துக் கொடுத்தேன்.

ஈரம் போக மூன்று நாள் விறகு எரித்தோம். முதல் நாளே உள்ளே பட், பட்டென்று வெடித்தது. "ஈரம் போவுது" என்றார் மச்சான். மூன்றாம் நாள், டிசம்பர் இருபத்திரண்டு. தணலை வாரிவிட்டு, நனைத்த சாக்கைக் கழியில் சுற்றி, வழக்கம்போல் தளத்தைத் துடைத்தேன். சீறியது. கல் பூத்து எழும்பிப் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுப்பின் மேல் வளைவிலிருந்தும் வெள்ளைப் பொடி கொட்டியது. வெளியே இழுத்தால், சாக்கு வெள்ளையடிக்கிற மட்டை மாதிரி இருந்தது.

"இதுல வெந்த கேக்குக்கு வெத்தலையும் பாக்கும் சேத்துல்லா குடுக்கணும்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு எல்லாரும் தட்டத் தூக்கிட்டு வந்துருவாவளே."

மச்சான் பொடியை விரலில் தொட்டுப் பார்த்தார். "அப்பமே சொல்லியிருந்தா நான் வச்சிருப்பனா? நீரு வாயத் தொறக்கலியே, மாப்ளே."

எனக்கு வந்த கோபத்தில் கழியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. சுவரில் சாய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை பழைய முதலாளியின் கடைக்குப் போனேன். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாம் தடவை அவராகத்தான் பார்த்தார்.

"ஏலே, என்ன இங்கன நிக்க?"

சொன்னேன்.

"கடல்கல்லுலயா கெட்டுன? நீ காளவாசல்ல கெடந்தவம்லா. தெரியாதா?"

"தெரியும் மொதலாளி."

"தெரிஞ்சுமால?"

ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் தன் ரொட்டி இறங்கியதும் அடுப்பை எனக்கு விட்டுக்கொடுத்தார். இருபத்தாறு தட்டும் வெந்தன. ஒன்றுகூடக் கருகவில்லை. பெண்கள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாங்கிப் போனார்கள். அதுவும் நியாயம்தான்.

இப்போது ஃபயர் பிரிக்ஸ் வாங்கி வந்து பின்பக்கம் அடுக்கியிருக்கிறேன். வேறு கொத்தனாரைக் கூப்பிட்டால் அண்ணனுக்கு அவமானம் என்கிறாள் மனைவி. இன்று பூசை முடிந்து வரும்போது மச்சான் தோளில் கை போட்டார். "உள்ள உம்ம செங்கல்ல வச்சிருவோம். வளைவுக்கு மட்டும் மிச்சக் கடல்கல்லப் போட்டா என்ன, மாப்ளே? சும்மால்லா கெடக்கு."

வளைவில்தான் தீ ஏறி நிற்கும். கூடாது என்று சொல்ல வேண்டும். நான் பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாளை காலை வேலை தொடங்குகிறது.

1977 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை.