மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து

காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் சிவஞானம் குடிப்பதில்லை. முதலில் மேலிருந்து பார்க்கிறார். பிறகு கண் மட்டத்துக்குத் தூக்கி முன்னாலிருந்து பார்க்கிறார். "பக்கத்துலருந்து பாத்தாலும் இதேதான் வரும். டம்ளருக்கு ரெண்டு வியூ போதும், தெரியுமா?" என்கிறார். அதற்குள் காபி ஆறிவிடுகிறது. மறுபடி சூடு பண்ணித் தருவதை மனைவி அமராவதி எப்போதோ நிறுத்திவிட்டாள்.

மரக்காணம் உப்பளங்களுக்கு மரச்சாமான் செய்யும் தச்சர் அவர். குயிலாப்பாளையத்தில் ஒரு மரப்பட்டறையில் மேஸ்திரி வேலை காலியாக இருக்கிறது; வரைபடம் போடத் தெரிந்தவருக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். சுனாமிக்கு அடுத்த வருஷத்திலிருந்து அங்கேயே சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறார். பீடி இருந்த காதில் பென்சில் ஏறிவிட்டது. பஸ்ஸில், நேர்க்கோடு போடும் நீளமான டி-ஸ்கொயரைப் பார்த்து லக்கேஜ் டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "லக்கேஜ் இல்ல சார், படிப்பு" என்றாராம். ஊரில் எதுவுமே நேராக இல்லை என்பதும் இந்த வயதில்தான் அவருக்குத் தெரியவந்திருக்கிறது: எதிர்வீட்டு ஜன்னல், எக்கியார்குப்பத்துப் படகுகள், மச்சான் தங்கராசுவின் மீசை.

கடைசிப் பரீட்சைக்கு ஒரு கருவியை வரைந்து, அளவு மாறாமல் செய்து, ஒருவரை அதில் வேலை செய்யவைத்து, படத்தோடு கொண்டுபோக வேண்டும். படமும் கருவியும் ஒத்துவந்தால் வேலை அவருக்கு. சிவஞானம் உப்பு வாரும் பலகையைத் தேர்ந்தெடுத்தார். வாங்க வருபவரை நிறுத்தி, பலகைக்குப் பிடியாகும் சவுக்குக் கம்பைப் பக்கத்தில் நட்டு, மூக்கு மட்டத்தில் கரிக்கோடு போட்டு அறுத்துத் தருவதுதான் இங்கே வழக்கம். அவரும் காலமெல்லாம் அப்படித்தான் செய்தார். படித்தவர் இனி அதைச் செய்வாரா? தன் உயரத்துக்கான அளவையே எல்லோருக்கும் ஒரே நீளம் என்று காகிதத்தில் எழுதிவிட்டார். செய்து முடித்த பலகை, உப்பளத்துக் கூலிக்குப் போகும் அமராவதியின் கைக்கு வந்தது. அவளோ அவர் தோளுக்குத்தான் வருவாள்.

"கம்பு நீளமா இருக்குதுய்யா. தோள்பட்டையே கழண்டுடும் போலருக்கு."

"கம்பு கரெக்ட்டு. நீதான் குள்ளம்."

"அப்ப உன் டிராயிங்கையே அனுப்பு. அது போய் உப்பு வாரட்டும்."

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அவள் தலைவார உட்கார்ந்தாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. சீப்பை இடது கைக்கு மாற்றி, கோணல்மாணலாக வாரிக்கொண்டாள். சிவஞானத்துக்கு வெட்கமாகிவிட்டது.

"எந்திரி. நேரா நில்லு" என்றார். கம்பை அவள் பக்கத்தில் நட்டு, மூக்கு மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, அறுத்தார்.

"நாளைக்கு படத்துக்கும் இதுக்கும் ஒத்துவராதேய்யா? வேல போயிடுமே" என்றாள் அவள்.

அவர் படம் போட்ட காகிதத்தைத் தரையில் விரித்தார். கம்பின் நீளமாக எழுதியிருந்த எண்ணை ரப்பரால் அழித்து, தூளை ஊதினார். நீளத்தைக் காட்டும் இரண்டு அம்புக்குறிகளுக்கும் நடுவே, வகுப்பில் பழகிய அச்சடித்த மாதிரியான எழுத்தில், 'அமராவதி' என்று எழுதினார்.