கரண்ட் திருடியதாகச் சொன்னார்கள்

பெர்த் நகரத்துக்கு வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது, இங்கே மனிதர்கள் வெயிலுக்குக் கணக்குக் கேட்டுச் சண்டை போடுவதுதான். கூரைமேல் சோலார் பேனல், கார் நிற்கும் இடத்தில் பாட்டரி. பகலில் மிஞ்சுகிற மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். போனதற்கு உரிய பணம் பில்லில் கழியவில்லை என்றால் உடனே போன் வரும். அந்த போனை எடுத்துத் தப்பைத் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. முதல் வார்த்தையே "ஸாரி"யாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நான் செய்யாத தப்புக்கெல்லாம் நாள் முழுக்க ஸாரி சொல்கிறேன். கோலார் தங்கவயலில் வளர்ந்த காலத்தில், எந்த ஆபீஸ் ஜன்னலிலிருந்தும் அந்தச் சொல் எங்கள் பக்கம் வந்து நான் கேட்டதில்லை.

என் அப்பா, நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டையில் தனியாக இருக்கிறார். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு ரயிலில் பெங்களூர் போய்வந்து வாட்ச்மேன் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது கரண்ட் போனால் புழுக்கத்தில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் போன வருஷம் ஏசியும், கூரைக்கு சோலாரும், முன்னறையில் புத்தர் படத்துக்குக் கீழே ஒரு பாட்டரியும் வைக்க ஏற்பாடு செய்தேன். "எனக்கு எதுக்குமா இவ்ளோ?" என்றார். ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம் தெருவே போனைச் சார்ஜ் போட அவர் வீட்டுக்கு வருவதில் அவருக்குப் பெருமைதான். பில் குறைந்து கொஞ்ச நாளில் ஒன்றுமில்லாமலே போனது. ஊரில் இருப்பவர்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற உங்களில் பலரைப் போல நானும் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுக் காந்தா அக்கா போன் செய்தது அதற்குப் பிறகுதான்.

"உங்க வூட்டாண்ட ஜீப்புல வந்தாங்கம்மா. ஏசி ஓடுது, பில்லு ஒண்ணியும் இல்ல, கரண்ட் திருடுறியான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க."

"நைனா இன்னா சொன்னாரு?"

"வாயே தொறக்கல. அவங்க மீட்டரத்தான் பாக்க வந்தாங்க. இவரு ரெண்டு கையும் மேல தூக்கினு செவுத்தாண்ட நின்னுட்டாரு."

என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் சோலார் இருப்பதை மின்சார ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாரோ ஏற்ற மறந்திருக்கிறார்கள். பகலில் சோலாரும் இருட்டியபின் பாட்டரியும் வீட்டை ஓட்டுவதால் மீட்டர் அசைவதில்லை. சோலாரை அறியாத கம்ப்யூட்டருக்கு அது திருட்டு. அபராத பில்லும் வந்திருந்தது. இங்கே நான் ஒரு மூச்சில் தீர்த்து வைக்கிற தப்பு அது. ஆனால் அந்தத் தூக்கிய கைகளை எப்படித் திருத்துவது?

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற லிப்டில் மேலே வருகிறவர்களைத் தங்கம் எடுத்து வருகிறார்களா என்று சோதிப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், தலைமுடியைக் கலைத்துப் பார்ப்பார்கள், டிபன் பாக்ஸைக் கவிழ்ப்பார்கள். சின்ன வயதில் ஒருமுறை சுரங்க கேட்டில் காத்திருந்தபோது, பாதி திறந்திருந்த கதவு வழியாக நைனா கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்டுக்கு வர விட்டதே இல்லை. இந்த வயதில் அந்தக் கைகளை மறுபடி தூக்க வைத்தது, நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருள்.

லீவு போட்டு ஊருக்கு வந்து, நைனாவோடு மின்சார ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த எஞ்சினியர் இளவயதுக்காரர், கெட்டவரும் இல்லை. சோலாருக்கு அவர்களே கொடுத்திருந்த அனுமதியைக் காட்டினேன். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சோலாரை ஏற்றி, அபராதத்தை ரத்து செய்து, புது பில் அடித்துக் கொடுத்தார். "எல்லா சரி ஆய்தல்லம்மா, இன்னேனு பேக்கு?" எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்.

நைனாவிடம் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுதான் வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் அதிகாரமாக இருக்குமே என்று, துருப்பிடித்த பள்ளிக்கூடக் கன்னடத்தைத் தேடினேன். "க்ஷமிசி..." என்று தொடங்கினேன். 'மன்னியுங்கள்' என்பதற்கு மேல் அடுத்த வார்த்தை வரவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, பரவாகில்ல பிடிம்மா" என்று, பரவாயில்லை விடுங்கள் என்பதுபோல் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். நான் மன்னிப்புக் கேட்டதாக நினைத்து என்னை மன்னித்துவிட்டார். கன்னடமும் சேர்த்து மூன்று பாஷை சரளமாகப் பேசுகிற நைனா கைகூப்பி, "தும்ப தேங்க்ஸ் சார்" என்று கன்னடத்திலேயே நன்றி சொல்லி என்னை வெளியே அழைத்து வந்தார்.

"நீங்களாவது கேட்டிருக்கலாமே நைனா!"

"நீ பிளைட் ஏறிப் பூடுவ. நாளைக்கு எதுனான்னா நான்தான அவராண்ட போய் நிக்கணும்?"

புது பில்லை அவரிடம் கொடுத்தேன்.

தெருவுக்குத் திரும்பியதும் அவர் வீட்டுக்குள் போகவில்லை. புது பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நின்றார். "கம்ப்யூட்டர்ல ஏத்த மறந்துட்டாங்களாம். நான் எதுவும் எடுக்கல." எல்லா வாசலிலும் அதே வார்த்தைகள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பின்னாலேயே நடந்தேன்.

"உங்களப் போய் நாங்க சந்தேகப்படுவோமாண்ணா?" என்றார் காந்தா அக்கா.

"படலம்மா. ஆனா அன்னிக்கு எல்லாரும் கதவச் சாத்திக்கினீங்க." நைனா குரலில் கோபமே இல்லை.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "உக்காருண்ணா, டீ போடறேன்" என்று உள்ளே போனார். நைனா வாசல்படியில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அக்கா அதை முந்தானையால் துடைத்துப் போட்டார். நைனா கையில் டீ கிளாஸைக் கொடுத்துவிட்டு, முனைக் கடைக்கு ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து என்னிடம் நீட்டினார்.

"எனக்கும் டீ குடுங்கக்கா."

"ஐய, வேணாம்மா. நம்ம ஊரு தண்ணி உனக்கு ஒத்துக்காது."

இதைக் குடித்துத்தானே வளர்ந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படியில் நைனா பக்கத்தில் உட்கார்ந்து, விட்ட பேச்சைத் தொடங்கிவிட்டார். இரண்டு பேரும் ஊதி ஊதி டீ குடித்தார்கள். அவர்களைவிட உயரமான நாற்காலியில், சீல் உடைக்காத பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.