பத்தொன்பதாம் எண்ணின் இடது பக்கம்

எங்கள் குவார்ட்டர்ஸில் கரண்ட் போகாது என்பதற்காகத்தான் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பகலில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த வருடங்கள் அவை. காடாம்புலியூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனால் ஃபேன் சுற்றுவதே அபூர்வம். நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடம் வீட்டிலிருந்த என்னிடம், சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் டீம் லீடராக இருந்த கல்லூரி சீனியர் அக்கா, "உங்க வீட்டுல நாள் முழுக்க நெட் இருக்குமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இருக்கும் என்றேன். அடுத்த வாரமே ஐஸ் ஹாக்கி பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

கனடாவில் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் ஆடும் ஆட்டங்களின் வீடியோ வரும். வருடத்துக்கு ஒருமுறை ஜூன் மாதத்தில் அங்குள்ள பெரிய தொழில்முறை கிளப்புகள் இந்தப் பையன்களிலிருந்து ஆளுக்கு இத்தனை பேர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் பெயர் வந்தால் பையனின் வாழ்க்கையே வேறு. கிளப்புகளின் ஆட்கள் நேரிலும் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் எல்லா ஆட்டத்தையும் எல்லாராலும் பார்க்க முடியாதே, அதனால் ஒவ்வொரு பையனும் என்ன செய்தான் என்று குறித்துக் கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இருந்தார்கள். எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தான், எத்தனை முறை சரியாகக் கடத்தினான் என்பதெல்லாம் கணக்கு. அது பந்துகூட இல்லை, பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் பையனின் குணத்தைப் பற்றி, அவன் உழைக்கிறானா, அணிக்காக ஆடுகிறானா என்று இரண்டு வரி எழுத வேண்டும்.

முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், பழகியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் முடிப்பேன். என் குறிப்புகள் கூர்மையாக இருப்பதாக டீம் லீடர் அக்கா சொன்னார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவுக்கு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸில் வேலை. பல வருடம் கான்ட்ராக்ட்டில் இருந்து பெர்மனென்ட் ஆனவர். முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். விதிகள் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. பையன்களையே பார்த்துக்கொண்டிருப்பார். "இவன் பயந்துக்கினே ஆடுறான் பாரு," என்பார். "இவனுக்கு யாரோ வூட்டுல அடிக்கிறாங்க போல, மொகத்தப் பாரு," என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அதுவரை அப்பாவும் நானும் அப்படி உட்கார்ந்து எதையும் சேர்ந்து பார்த்ததில்லை.

பத்தொன்பதாம் எண் போட்ட ஒரு பையன் இருந்தான். இடது ஓரத்தில் ஆடுபவன். ஸ்கேட்டிங்கில் அவனைப் போல வேகம் நான் குறித்த ஐம்பது அறுபது பையன்களில் யாருக்கும் இல்லை. ஆனால் அவனோடு ஆடுபவர்கள் காலியான இடத்தில் நின்று மட்டையால் பனியைத் தட்டித் தட்டிக் கேட்டாலும் பக்கைக் கொடுக்க மாட்டான். திரும்பிக்கூடப் பார்க்காமல் தானே கொண்டுபோவான். பின்னாலிருந்து எதிரணி ஆள் வருவது தெரியாமல் அடி வாங்கி விழுவான். நான் ஏப்ரலில் அனுப்பிய இறுதிக் குறிப்பில் அவனைப் பற்றி இப்படி எழுதினேன்: 'சுயநலமான ஆட்டம். கூட ஆடுபவர்கள் அழைத்தால் மதிப்பதில்லை, கவனமும் குறைவு.' ஐந்துக்கு இரண்டு மார்க் போட்டேன். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

மே மாதம் வேறொரு வேலை வந்தது. டிராஃப்டுக்கு முன் ஒவ்வொரு பையனின் ஆட்டத்திலிருந்தும் பத்து நிமிடத் துண்டு வெட்டிச் சேர்க்க வேண்டும். அதற்கு வீடியோவை இயல்பான வேகத்தில் பார்த்தாக வேண்டும். அன்று மதியம் வீட்டில் பலாச்சுளை வாசம். அம்மா அரிவாள்மணையில் எண்ணெய் தடவிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அப்பா என் பக்கத்தில். திரையில் பத்தொன்பதாம் எண்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பா, "இந்தப் பையனுக்கு எடது காது கேக்காது," என்றார்.

நான் சிரித்தேன். "அதெப்படிப்பா இங்கேர்ந்து தெரியும்?"

"பெஞ்சுல எங்க உக்கார்றான் பாரு. எப்பவும் அந்தக் கடைசி. மத்தவங்க எல்லாரும் அவனுக்கு வலப்பக்கம். கோச்சு பின்னாடி வந்து பேசுறாரு பாரு, இவன் ஒடம்ப முழுசாத் திருப்பி அவரு வாயப் பாக்குறான். அடி வாங்குறதெல்லாம் எடப்பக்கமா வர்றவங்ககிட்டதான். பின்னாடி போட்டுப் பாரு."

பின்னால் போட்டுப் பார்த்தேன். வேறு ஆட்டங்களையும் திறந்தேன். பெஞ்சில் அதே கடைசி இடம். விழுந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அப்பா சொன்னதுதான். மட்டையால் தட்டிக் கூப்பிட்ட பையன்கள் வலப்பக்கம் நின்றபோது பக் அவர்களுக்குப் போயிருந்தது. நானேதான் அவற்றை நல்ல பாஸ் என்று குறித்திருந்தேன்.

"உனக்கு எப்படிப்பா தெரிஞ்சிது?"

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தணித்தார்.

"எனக்கும் அப்படித்தான், பாப்பா."

நான் நாலாவது படிக்கும்போது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் வீங்கி வேப்பிலை கட்டிக்கொண்டு கிடந்தது எனக்கே நினைவிருக்கிறது. என்னிடமிருந்து அப்பாவுக்கும் தொற்றியது. வீக்கம் வடிந்தபோது அவருக்கு இடது காதில் ஒரு சத்தமும் இல்லை. வேலை பெர்மனென்ட் ஆகிற சமயம். சொன்னால் என்ன ஆகுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிப்போய்விட்டது. ஷிப்ட் பஸ்ஸில் இடது ஜன்னலோரம் இடம் பிடிக்கத்தான் தினமும் அரை மணி முன்னதாகவே கிளம்பியிருக்கிறார். பதினாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவின் தீராத குறையே, "ஒங்கப்பாவுக்கு இஷ்டம் இருந்தாத்தான் காதுல வுழும்" என்பதுதான்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார் அப்பா.

"சரிப்பா. ஆனா இந்தப் பையனப் பத்தி நான் தப்பா எழுதிட்டேன். மாத்தணும்."

"என்னான்னு எழுதுவ?"

"காது கேக்கலன்னு..."

"அத எழுதாத. அவன் யாருகிட்டயும் சொல்லிக்காமத்தான் ஆடிக்கினு இருக்கான். அதச் சொல்ல நீ யாரு? தப்பா எழுதனத மட்டும் அடிச்சிடு."

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை டீம் லீடர் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, பத்தொன்பதாம் நம்பர் ரிப்போர்ட்ல கடைசி ரெண்டு வரிய எடுத்துடலாமா? நான் சரியா கவனிக்கல."

"அது கிளையன்ட்டுக்குப் போயாச்சே. இப்ப மாத்தணும்னா காரணம் எழுதி அனுப்பணும். என்ன காரணம்?"

காதைப் பற்றிச் சொல்லக் கூடாது, வேறென்ன சொல்வது என்று யோசித்தேன்.

"சரியா பாக்காம எழுதிட்டேன்னு அனுப்பட்டுமா? அப்ப உன்னோட மத்த ரிப்போர்ட்டையும் திரும்பப் பாக்கச் சொல்லுவாங்க. ஜூனுக்கப்புறம் எத்தன பேர வெச்சுக்கப் போறாங்கன்னே தெரியல. யோசிச்சுச் சொல்லு."

அவர் மிரட்டவில்லை. எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். 'ஆமாம், சரியாகப் பார்க்கவில்லை, அப்படியே அனுப்புங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பையனின் காதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரம் போயிற்று. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்ற ரிப்போர்ட்டுகள் நன்றாக இருக்கின்றன, ஒன்றுக்காக எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஒரு சாயங்காலம் அம்மா அப்பாவின் இடப்பக்கம் நின்று மூன்று முறை ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு, "நான் ஒரு மனுஷியாவே தெரியலியாங்க ஒங்களுக்கு?" என்று அழத் தொடங்கிவிட்டார். அப்பா திகைத்துப்போய் நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் இருக்க முடியவில்லை.

"அப்பாவுக்கு இடது காது கேக்காதும்மா. பல வருஷமா," என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "மெய்யாவா?" என்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

"இத்தினி வருஷம் நான் செவுத்துகிட்டயா பேசிக்கினு இருந்தேன்? எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலியாங்க?"

அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது அவருடைய வலப்பக்கம் வந்து நின்று, "கொழம்பு போதுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எப்போதும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்குள் அது நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் அப்பா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தார், சாப்பிட்டார், வெளியே நடக்கப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். நாற்காலியை நானே என் பக்கத்தில் இழுத்துப் போட்டுவைத்துப் பார்த்தேன். "வாப்பா, புது ஆட்டம் வந்திருக்கு," என்று கூப்பிட்டேன். "நீ பாரும்மா, எனக்கு வேல இருக்குது," என்றார். பாப்பா என்று கூப்பிடவில்லை.

ஜூனில் டிராஃப்ட் நடந்தது. தேர்வானவர்களின் பட்டியல் வந்ததும் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை விரலை வைத்துப் படித்தேன். நான் குறித்த பையன்களில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பத்தொன்பதாம் எண் இல்லை. என் இரண்டு வரியால்தான் அப்படி ஆயிற்று என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. நேரில் பார்த்தவர்களுக்கும் அவன் சுயநலக்காரனாகவே தெரிந்திருக்கலாம். என் குறிப்பை யாருமே படிக்காமல்கூட இருந்திருக்கலாம். இதையெல்லாம் பல முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வாரம் குறுக்கே வந்து நிற்கிறது.

என்னை வேலையில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் ஒன்றரை வருடம் பார்த்தேன். சத்தத்தை வைத்து, இயல்பான வேகத்தில் பார்த்ததால் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் முடியவில்லை. குறிப்புகளில் முன்பிருந்த கூர்மை இல்லை என்று அக்கா வருத்தப்பட்டார். பிறகு எனக்குக் கல்யாணமாகி ஓசூர் போனேன். அந்த வேலை அதோடு நின்றது.

அந்தப் பையனின் பெயரை மட்டும் அவ்வப்போது கம்ப்யூட்டரில் தேடுவேன். நாலைந்து வருடம் கழித்து அவனுடைய ஊரின் சிறிய பத்திரிகை ஒன்றில் அவனைப் பற்றிய செய்தி கிடைத்தது. ஒரு கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது என்றும், இருபது வயதில்தான் அணியில் அதைச் சொன்னதாகவும், அதற்குப் பிறகு மற்றவர்கள் தனக்காக இடம் மாறி நின்று ஆடுவதாகவும் சொல்லியிருந்தான். புகைப்படத்தில் தாடி வைத்திருந்தான். அந்த வருடம் படிப்பு முடிவதால் அதோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவதாகச் செய்தியின் கடைசியில் இருந்தது.

அடுத்த முறை நெய்வேலிக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். ரிட்டயர் ஆகக் கொஞ்ச நாளே இருந்தது அவருக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்காகப் பரணிலிருந்த சாமான்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வலப்பக்கம் போய் உட்கார்ந்து, செய்தியில் இருந்ததை முழுக்கத் தமிழில் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி என்றேன்.

அப்பா துடைப்பதை நிறுத்தினார்.

"அவனேதான் சொன்னானா, இல்ல வேற யாராச்சும் சொல்லிட்டாங்களா?"

"அவனேதாம்பா சொன்னான்."

"நல்லது," என்றார். பிறகு அடுத்த பாத்திரத்தை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.