பதினொரு முதலாளிகள்

தேவாரத்து ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் நாங்கள் பதினொரு முதலாளிகள் இருந்தோம். எல்லோரும் பெண்கள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தரையில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்போம். ஒரு நாள் கிடங்குக்காரர் முத்திரைத்தாளில் எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இனிமே நீங்க வேலையாளுக இல்ல, ஒப்பந்தக்காரக. ஆளுக்கொரு முதலாளி" என்றார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அன்றோடு நின்றன. அது புரியாமல் நாங்கள் மிட்டாய் வாங்கித் தின்றோம். இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

என் பக்கத்தில் உட்காரும் ராக்கம்மாள்தான் அந்தப் பேச்சை அப்படியே நம்பியவள். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா வந்ததும் யாரிடமும் கேட்காமல் மூன்று நாள் போய், ராட்டினம் ஏறி, கை நிறைய வளையலோடு திரும்பினாள்.

கிடங்கு வாசலிலேயே அவளிடம் ஒரு தாளை நீட்டினார்கள். முன் அனுமதி பெறாமல் லீவு எடுத்ததால் வேலையிலிருந்து நீக்கப்படுவதாக அதில் இருந்தது. கீழே கிடங்குக்காரரின் கையெழுத்து, முத்திரை. ராக்கம்மாளுக்குப் புருஷன் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. இந்த வேலை போனால் அடுப்பு எரியாது. வளையல் குலுங்க அவள் அழுதாள்.

தேனியில் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். விசாரணையில் கிடங்குக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டி, இவள் தன் தொழிலாளியே இல்லை, தனி முதலாளி என்று சாதித்தார். ராக்கம்மாள் தன்னை நீக்கிய தாளை எடுத்து அதிகாரி ஜெபஷீலாவிடம் கொடுத்தாள்.

"முதலாளின்னு சொன்னாக, அதான் கேக்காமப் போனேன். முதலாளி யாருகிட்ட லீவு கேப்பாக, மேடம்?"

ஜெபஷீலா சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல் கிடங்குக்காரரிடம் சொன்னார்: நேரம், லீவு, நீக்கம் எல்லாம் உங்கள் கையில் இருக்கும்போது தாளில் என்ன எழுதினாலும் இவர்கள் தொழிலாளிகள்தான். வழக்கென்று போனால் பதினொரு பேருக்கும் விட்டுப்போன பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை வட்டியோடு கட்ட நேரும். மனிதர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் பதினொரு பெயர்களும் ஏறின. எங்கள் பதவி பறிபோன அன்றைக்குத்தான் நாங்கள் நிஜமாகவே கொண்டாடினோம். ராக்கம்மாள் கையெழுத்துப் போட்ட கையோடு கிடங்குக்காரரிடம் ஒரு லீவு லெட்டரை நீட்டினாள். வேலை திரும்பக் கிடைத்ததற்கு வீரபாண்டி அம்மனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டுமாம், சம்பளத்தோடு ஒரு நாள் லீவு.

அவர் முறைத்தபடியே கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். அந்தக் கடைசி வரி: 'இப்படிக்கு, தங்கள் தொழிலாளி.'